கேட்டுப் பிறந்த நாடு

21-5-2002, செவ்வாய்

என்னோடு பேக்கிங்கில் நிற்கும் ரஞ்சினி இன்று கேன்டீனில் பேப்பரைக் கீழே வைக்கவே இல்லை. முன்பு இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோர் தனி நாடாகிவிட்டதாம். இலங்கையிலிருந்து குழந்தையாக வந்து, அகதி முகாமில் வளர்ந்தவள் அவள்.

"ஒரு நாட்ட நாடுன்னு யாரு ஒத்துக்கணும்?" என்று கேட்டேன்.

"மற்ற நாடுகள். ஆனா முதல்ல அங்கத்தைச் சனத்திட்ட, தனி நாடு வேணுமோ எண்டு வோட்டு வச்சுக் கேட்டவை."

சூப்பர்வைசர் சிரித்தார். "இன்னாம்மா, கேட்டா குட்த்துடுவாங்களா?"

"குடுத்திட்டினமே, அண்ணே." கொடியேற்றும் படத்தைக் காட்டினாள்.

"உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

"எங்களிட்டயோ? முகாமில பேர் கேட்டவை. வீட்டில எத்தினை பேரெண்டு கேட்டவை. அவ்வளவுதான்."

மணி அடித்ததும் எழுந்து போய்விட்டாள்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? பஸ்ஸில் படப்பை வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில்தான் இருந்தாள். நானும் கேட்கவில்லை.