பள்ளிக்கூட மணியும் மல்லாட்டைப் பொட்டலமும்

பாம் பாம் அப்பாவுக்கு, உன் பாப்பா எழுதுவது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் தெரு முனையில் உன் ஆட்டோவின் ஹாரன் கேட்டது. என் கால் எழுந்திருக்கவில்லை. நான் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சத்தம் போய் முடிந்த பிறகுதான், எழுந்திருக்கவில்லையே என்று தோன்றியது.

ஆட்டோவை அம்மா விற்றுவிட்டாள் அப்பா. வாங்கினவர் திண்டிவனம் ஸ்டாண்டிலேயேதான் ஓட்டுகிறார். சீட்டு மாற்றினார், பெயிண்டு அடித்தார், அந்தக் கறுப்பு ரப்பர் ஹாரனை மட்டும் மாற்றவில்லை. அது இன்னமும் கடைசியில் காற்று ஒழுகி, பாம் பாம் புஸ்ஸு என்றுதான் கத்துகிறது. இந்த ஊரில் வேறெந்த ஆட்டோவுக்கும் அந்தப் புஸ்ஸு கிடையாது.

நீ போன புதிதில் அது கேட்டாலே நான் வாசலில் நிற்பேன். எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. நீ தினமும் பொட்டலமாக வாங்கிவந்த மல்லாட்டைக்கு, உப்புப் போட்டு வேகவைத்த அந்த வேர்க்கடலைக்கு, வாயில் எச்சில் ஊறியிருக்கும். "உக்காருடி, அது உங்கப்பா இல்ல," என்று அம்மா உள்ளேயிருந்து சொல்வாள். சில நாள் அவளும் அடுப்பை விட்டு எழுந்து நின்றுகொண்டுதான் அதைச் சொல்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளும் எழவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் இப்போது பாய் கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறேன். பி.எட். காலேஜ் போகிற ரோட்டில் இருக்கிற கடை. வருகிறவர்களே பேப்பரை நீட்டி என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள், நான் வாய் திறக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். டீச்சர் வேலைக்குப் படிக்கிறவர்களின் நோட்ஸ் மிஷினிலிருந்து சூடாக வரும். அடுக்குகிற சாக்கில் படிப்பேன்.

அதில் ஒரு நாய் வருகிறது அப்பா. எந்த வருஷத்து நோட்ஸ் எடுத்தாலும் அந்த நாய் இருக்கும். வெளிநாட்டில் ஒருவர் அதற்குச் சோறு போடுவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுப்பாராம். கொஞ்ச நாளில் சோறே இல்லாமல் அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுமாம். முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் தெருவில் அதற்கு ஆட்டோ ஹாரன் என்று பெயர்.

தெரு முனையிலேயே ஏன் ஹாரன் அடிப்பாய்? வீட்டு வாசலில் வந்து அடிக்கலாமே? யாராவது வெளியில் நின்றால் நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிடுவேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தத்துக்கு மட்டும், நாலு வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தாலும், நான் தெருமுனைவரை ஓடி வருவேன். நீ தெரிந்துதான் செய்தாயா? இல்லை, தெரு திருப்பத்தில் யாராவது குறுக்கே வருவார்கள் என்று அடித்தாயா? இதைக் கேட்க யாரும் இல்லை.

உனக்கு நான் முழுதாகச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. நான் பத்தாவதைப் பாதியில் விட்டதற்குக் காரணம் வயிற்றுவலி என்றுதான் உனக்குத் தெரியும்.

இங்கிலீஷ் டீச்சர் எங்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்திருந்தார். ஐந்து பேரும் எழுந்து ஆளுக்கொரு பத்தி படித்துவிட்டால், சுவரில் இருக்கிற சார்ட்டில் அந்தக் குழுவுக்கு ஒரு தங்க நட்சத்திரம். அவர் கெட்டவர் இல்லை அப்பா. யாரையும் அடிக்க மாட்டார். நட்சத்திரத்துக்காகவே எத்தனையோ பேர் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் குழுவில் நாலு பேர் படித்துவிடுவார்கள். ஐந்தாவதாக நான் எழுந்து நிற்பேன். வாய் திறக்கும், சத்தம் வராது.

"உன்னாலதான்டி இன்னிக்கும் போச்சு."

"மிஸ், இந்த ஊமைய வேற குரூப்புல போடுங்க மிஸ்."

ரேவதி, என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள், டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இங்கிலீஷ் வகுப்பு மணி அடித்தால் என் வயிறு பிசையும். பிறகு எந்த மணிக்கும் பிசைந்தது. சாப்பாட்டு மணிக்குக்கூட.

இனிமேல் போக மாட்டேன் என்று நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்ட அன்றைக்கும், சாயங்காலம் நீ ஹாரன் அடித்தாய். நான் எழுந்து வரவில்லை. நீயே பொட்டலத்தை என் தலைமாட்டில் வைத்தாய். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "படிப்ப நிறுத்திட்டு படுத்துக்கினு இருக்குது, அதுக்குப் பரிசு குடுக்கறியா நீ?" என்றாள். நீ சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பசிக்கும்ல," என்றாய். அவ்வளவுதான்.

நோட்ஸ்படி பார்த்தால் நீ பெரிய தப்பு செய்திருக்கிறாய். நல்லது செய்தால்தான் கொடுக்க வேண்டுமாம். செய்யாதபோது கொடுத்தால் செய்யாததே பழகிவிடுமாம். இதற்கு வலுவூட்டல் என்று பெயர், அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் பலமுறை படித்தேன். "பசிக்கும்ல" என்பதை அதில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோ சாவியை என் கையில் கொடுத்து, "நாளைக்கு வந்துடறேன் பாப்பா," என்றாய். ஆட்டோவை விற்கிற அன்றைக்கு, ஆர்.சி. புக் இருந்த பையில் என் பாஸ்போர்ட் போட்டோ இரண்டு இருந்தது. கூடவே யாரோ எழுதிக்கொடுத்த ஒரு சீட்டு. பள்ளிக்கூடம் போகாமல் தனியாகப் பத்தாவது பரீட்சை எழுத என்னென்ன பேப்பர் வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்று. நான் படித்த அதே பள்ளிக்கூடத்து ஆபீசில்தான் கொடுக்க வேண்டுமாம். நீ எனக்குத் தெரியாமல் போய் விசாரித்திருக்கிறாய். ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன் என்று பயந்தாயா?

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று பாய் கடைக்கு வந்த ஒரு நோட்டீசில் இருந்தது. பேப்பர் எல்லாம் தயார். ஆனால் அந்தப் பள்ளிக்கூட கேட்டைத் தாண்ட என்னால் முடியவில்லை. வாசலில் வேப்பமரத்தில் மணியாக அடிக்கத் தொங்குகிற தண்டவாளத் துண்டைப் பார்த்ததுமே வயிறு பிசைந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாய்க்கு ஆனது எனக்கும் ஆகாதா? மணியும் மல்லாட்டையும் சேர்ந்து வந்தால், மணியும் நல்லதாகிவிடாதா?

தினமும் சாயங்காலம் டீ குடிக்கப் போவதாகப் பாயிடம் கையால் ஜாடை காட்டிவிட்டு, தள்ளுவண்டியில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, கேட்டுக்கு நேர் எதிரே போய் நின்றேன். கடைசி மணி அடிக்கும்போது வேகவேகமாக வாயில் போட்டேன். பிள்ளைகள் வெளியே வந்து என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மெல்ல முடியவில்லை, விழுங்கினேன். ஒரு வாரம் இப்படிச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மில் வேலை முடிந்து வரும்போது பச்சை மல்லாட்டை வாங்கி வந்து வேகவைத்தாள். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. நான் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன்.

"என்னாடி இது? மல்லாட்டன்னா உயிர விடுவியே," என்று அம்மா முதுகைத் தடவினாள். மணி நல்லதாகவில்லை அப்பா, மல்லாட்டைதான் மணியாகிவிட்டது. ஹாரனுக்குக் கால் எழுவது நின்றது. இப்போது உன் பொட்டலமும் போயிற்று. உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம் இருந்ததை நானே சும்மா இருக்காமல் கெடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு முழுதும் அழுகையாக வந்தது.

அடுத்த நாள் சுதா அக்கா வந்தாள். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து பி.எட். படிக்கிறவள்.

"பாய், நேத்து... இல்ல, சனிக்கிழமை எடுத்த நோட்ஸ்ல பன்னெண்டாம் பக்கம் காணோம்."

"மிஷினு துன்னுடுச்சாம்மா?" என்று பாய் என்னைப் பார்த்தார். "சொல்லு, நீயா மிஷினா?"

பன்னிரண்டாம் பக்கம் என் டிராயரில் இருந்தது. சோறு போடாமல் சத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் நாய்க்கு எச்சில் நின்றுபோகும், அதற்கு மறைதல் என்று பெயர், என்று எழுதியிருந்த பக்கம். எடுத்துக் கொடுத்தேன்.

"நான் படிச்சிக்கினு இருந்தேன்க்கா," என்றேன். கடையில் நான் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். பாய் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

பேசினதோடு பேசிவிடலாம் என்று கேட்டேன். "அக்கா, ஒரு நாய்க்கு மணின்னா பயம். மணி அடிக்கறப்ப சோறு போட்டா பயம் போவுமா?"

"எந்த நாய்க்கு?"

"எங்க தெரு நாய்க்கு."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். "போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். சோத்தக் கண்டாலே இப்ப ஓடுது."

"மணிகிட்ட கொண்டாந்து நிறுத்திட்டு சோறு போட்டா பின்ன என்னா பண்ணும்? பயம் பெருசு, சோறு சிறுசு. தூரமா கூட்டிக்கினு போ. மணி கேட்டும் கேக்காத தூரம். அங்க அது நிம்மதியா துன்னா, அடுத்த நாள் பத்தடி கிட்ட வா. மொகம் சுளிச்சா திரும்பவும் பின்னாடி போ. ஜல்தி பண்ணக்கூடாது."

"பேஜாரு புடிச்ச நாயா இருக்குதே," என்றார் பாய்.

சுதா அக்கா கிளம்பும்போது பன்னிரண்டாம் பக்கத்தை மறுபடி என்னிடமே கொடுத்தாள். "இன்னொரு காப்பி எடுத்துக்கறேன். கடைசி ரெண்டு வரியப் படிச்சியா?" படிக்கவில்லை. மறைந்தது ஒரேயடியாகப் போய்விடாது, கொஞ்ச நாள் கழித்து அதே சத்தம் கேட்டால் தானாகத் திரும்ப வரலாம் என்று அதில் இருந்தது.

நான் ஏரிக்கரையிலிருந்து ஆரம்பித்தேன். அங்கே மணி ஒரு கொசு அளவுக்குத்தான் கேட்கும். முதல் நாள் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை, கையில் சூடாக வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று உரித்துத் தின்றேன். உப்பு தெரிந்தது. எவ்வளவு நாள் கழித்து உப்பு தெரிந்தது தெரியுமா? பிறகு மரக்கடை. பிறகு கோயில் மதில். மதிலில் ஒருநாள் வயிறு பிசைந்தது, மறுநாள் மரக்கடைக்கே திரும்பிப் போனேன்.

"நாய் எதுவரைக்கும் வந்துச்சு?" என்று சுதா அக்கா கேட்பாள்.

"கோயில் வரைக்கும்க்கா."

"நல்ல நாய்," என்பாள். அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டாள்.

இன்றைக்குத்தான் அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை. நேற்றுவரை நான் பஸ் ஸ்டாப்வரைதான் வந்திருந்தேன். கேட்டுக்கு இன்னும் ஐம்பதடி இருந்தது. பத்தடி பத்தடியாக வர நாள் இல்லை. "கடையச் சாத்திட்டு நான் வரட்டாம்மா?" என்றார் பாய். அவருக்கு எப்போது தெரிந்தது என்று தெரியவில்லை. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தனியாகத்தான் போனேன்.

ஆபீசில் இருந்தவர் என் பேப்பர்களைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "கண்ணாடி எடுத்துக்கினு வரல. வாயால சொல்லும்மா. பேரு?"

சொன்னேன்.

"அப்பா பேரு?"

வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே தண்டவாளத்தில் அடித்தார்கள். வயிறு பிசைந்தது அப்பா. போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பை மேல் கையை வைத்தேன். உள்ளே பொட்டலம் சூடாக இருந்தது.

"சத்தமா சொல்லும்மா, மணி அடிக்குதுல்ல."

"ஏழுமலை!" என்றேன். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். அவர் எழுதி, முத்திரை குத்தி, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். பரீட்சை எழுதுவேன். முதல் பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் ஒரு பொட்டலம் வாங்கி, அம்மாவுக்குப் பாதி கொடுப்பேன். நன்றாக எழுதியிருந்தாலும், ஒரு வரிகூட எழுதாமல் வந்தாலும். பசிக்கும்.

கேட்டை விட்டு ரோட்டுக்கு வந்தபோது, டவுன் பக்கமிருந்து பாம் பாம் புஸ்ஸு கேட்டது. என் கால் ஒரு அடி முன்னால் போனது. நான் கையை நீட்டி ஆட்டோவை நிறுத்தினேன்.

இப்படிக்கு,
தெருமுனைவரை ஓடி வரும் உன் பாப்பா,
ஏழுமலை மகள் செல்வி