குருவிக்குக் காரணம் இருந்தது

திங்கட்கிழமை

மதிப்புக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

பள்ளிக்கூடத்து வாசல்காரன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. உங்களுக்குச் சந்தேகம் வரும், எனக்குத் தெரியும். யாரும் எழுதித் தரவில்லை. முதல் வகுப்பு டீச்சர் தாளும் பேனாவும் தந்தார், அவ்வளவுதான். இந்த நாலு வரிக்கே ஒரு இடைவேளை முழுதும் போய்விட்டது. விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அறுபத்தெட்டு வயதுக்காரன் ஒரு தாளைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் மாற்றலாகிப் போகும்போது வாசலில் நின்று, “நீங்க கைப்பட எழுதின கடுதாசி வந்தாத்தான் நான் பதில் போடுவேன்” என்று சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். இப்போது பாருங்கள். இனி நீங்கள் தப்பிக்க முடியாது.

நீங்கள் உட்காரவைத்த அதே கடைசிப் பெஞ்சில்தான் இன்றைக்கும் உட்காருகிறேன். முழங்கால் தாடையில் இடிக்கிறது. என் இடப்பக்கம் குருவி. வலப்பக்கம் சக்கர நாற்காலியில் நம் மேனேஜர். ஏழு வயதில் அந்தப் பெண் போடும் அதிகாரம் குறையவே இல்லை. நான் எழுத்துக்கூட்டி வாசித்தால், “தாத்தா, மூச்சு விட்டுட்டு வாசிங்க, வண்டி ஓடிப்போகாது” என்கிறாள். குருவி எப்போதும்போலப் பேசுவதில்லை. ஆனால் எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் உரக்க வாசித்துவிடுகிறாள். சோப்பு உறை, சுவர் விளம்பரம், டீச்சர் பையில் இருக்கிற மருந்துச் சீட்டு, எதையும் விடுவதில்லை. நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவள் பக்கத்தையே முடித்துவிடுவாள். அவளோடு போட்டி போட்டுத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

குருவி சேர்ந்த வருஷம் நீங்கள் மணியைக் கழற்றி சாமான் அறையில் வைக்கச் சொன்னீர்கள். திடீரென்று சத்தம் கேட்டால் அந்தக் குழந்தை எங்கே போகிறோம் என்று பார்க்காமல் ஓடிவிடும் என்பதற்காக. அதற்குப் பதிலாக அட்டை தந்தீர்கள். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மஞ்சள் அட்டை, முடிந்ததும் பச்சை அட்டை. இரண்டு வருஷமாக நான் அட்டையோடு ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் போய் நிற்கிறேன். மணி போனாலும் குழந்தைகள் என்னை மணித் தாத்தா என்றுதான் கூப்பிடுகின்றன.

இப்போது ஒரு சங்கடம். பள்ளி தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம். அடுத்த வாரம் விழா. பழைய மாணவர்கள் மணியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று புது சிஸ்டர் அதை வெளியே எடுத்துத் தாழ்வாரத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறார். “பார்வைக்கு மட்டும்தான் தாத்தா, யாரும் தொடக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொன்னார். சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன். தங்கம் மாதிரி இருக்கிறது. நாளைக்கு மாட்டுகிறேன். உண்மையைச் சொன்னால், கை துறுதுறுக்கிறது. இருபத்து மூன்று வருஷம் பழகிய கை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மலைக் குளிருக்கு உங்கள் மூட்டு வலி என்ன ஆகுமோ.

உங்கள் மாணவன்,
மணித் தாத்தா

*

புதன்கிழமை

மதிப்புக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதி ஆரம்பிக்கத்தான் ஆசை. குருவி உயிரோடு பத்திரமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை மெதுவாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பத்தரைக்கு மணி ஒரு தடவை அடித்துவிட்டது. அதைப் பற்றி அப்புறம்.

சத்தம் அடங்குவதற்குள் முதல் வகுப்பில் ஒரு பெஞ்சு கவிழ்ந்தது. நான் போய்ப் பார்க்கும்போது பென்சில் டப்பா தரையில் கிடக்கிறது, குருவியின் இடம் காலி. ஏணி கொண்டுவந்த ஆளுக்காக வாசல் கதவு திறந்தபடி கிடந்தது. எதிரே லாரி போகிற ரோடு.

சிஸ்டர், நான் அப்படி ஓடி முப்பது வருஷம் இருக்கும். டீச்சர் கழிப்பறைப் பக்கம் ஓடினார். புது சிஸ்டர் கோயிலுக்குள் போய் ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார், பீடத்துக்குப் பின்னாலும் பார்த்தார். நான் ரோட்டின் நடுவில் நின்று குருவி, குருவி என்று கத்தினேன். ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, “யோவ் பெரியவரே, சாகணும்னா வேற வண்டி பாரும்” என்று திட்டிவிட்டுப் போனார். கால் மணி நேரம் போனது. இருபது நிமிடம் போனது. ரோட்டின் ஓரத்தில் அவளுடைய ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. அதை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

வாசலுக்குத் திரும்பி வந்தால் மேனேஜர் தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறாள். “தாத்தா, கத்தாதீங்க. நீங்க கத்தக் கத்த அவ தூரமாப் போவா” என்றாள். பின்னே என்ன செய்ய என்று கேட்டேன். “அவளுக்குச் சத்தமே ஆகாதுன்னு நெனச்சுட்டிருக்கீங்களா? சடார்னு வர்றதுதான் ஆகாது. ஒரே மாதிரி ஓடிக்கிட்டிருக்கிற சத்தம்னா அவளுக்கு உசுரு. அவங்கம்மா தையல் மிஷினுக்கு அடியிலதானே படுத்துத் தூங்குவா. என்கிட்ட க்ளாஸ் விசிறி சத்தத்தக்கூடக் காட்டியிருக்கா.”

பேசாத குழந்தை இவளிடம் எப்படிக் காட்டியது என்று கேட்க நேரமில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாலு கடை தள்ளி மாவு மில் இருக்கிறது அல்லவா. நாள் முழுக்க ஒரே இரைச்சல். ஓடினேன்.

மில்லின் பின்சுவரில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தாள். தலை, புருவம், கண்ணிமை எல்லாம் மாவு. மில்காரர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “யாரு புள்ள இது? கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது. தொட்டா கடிக்க வருது. தண்ணி கொடுத்தேன், அதையும் குடிக்கல” என்றார்.

நான் கூப்பிடவில்லை. தொடவும் இல்லை. சட்டைப் பையில் அட்டைகள் இருந்தன. கீழே உட்கார்ந்து மஞ்சள் அட்டையை அவள் கண்ணுக்கு எதிரே பிடித்தேன். ஐந்து நிமிடம் முழுதாகப் பிடித்தேன்.  அப்புறம் பச்சை அட்டையைக் காட்டினேன். எழுந்தாள். என்னோடு நடந்து வந்தாள். ஆனால் எப்போதும்போல என் சட்டை நுனியைப் பிடிக்கவில்லை. ஒரு கை தூரம் தள்ளியே வந்தாள். இன்றைக்கு வகுப்பிலும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அவள் அம்மா அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ஓடிவந்தார். புது சிஸ்டர் கோபக்காரர் இல்லை, உங்களுக்கே தெரியும், பயந்துபோயிருந்தார். “இன்னைக்கு மில்லு. நாளைக்கு லாரிச் சக்கரம்னா நான் யாருக்கு என்ன பதில் சொல்லுவேன்? வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. அவங்க முடிவு பண்ணட்டும்” என்றார். அந்த அம்மா அழவில்லை. மகளின் தலையிலிருந்து மாவைத் தட்டிக்கொண்டே, “வேற எடம் பாருங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர். நாலு பள்ளிக்கூடம் ஏறி எறங்கிட்டுத்தான் இங்க வந்தேன். இனி ஏற எனக்குப் படி இல்ல” என்றார்.

நடந்ததைச் சம்பவப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். சாட்சியாக நாளைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை அதில் பெருவிரலைத்தான் உருட்டியிருக்கிறேன். முதல் தடவையாகப் பேனாவால் போடப்போகிறேன். வேறு நாளாக இருந்தால் அதற்கே ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

மணியைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்றேன். இன்றைக்கு முடியவில்லை. கை வலிக்கிறது.

உங்கள் மாணவன்,
மணித் தாத்தா

*

வெள்ளிக்கிழமை, இரவு

மதிப்புக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

கை வலிக்கிறது என்று எழுதியது பொய். மணியை அடித்தது நான்.

மாட்டி முடித்து, கயிற்றைக் கட்டிவிட்டு, பிடித்தபடியே நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்துக் கடிகாரம் பத்தரை காட்டியது. அப்புறம் நான் யோசிக்கவில்லை, சிஸ்டர். கை இழுத்துவிட்டது. சத்தம் கேட்ட பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. யார் அடித்தது என்று கேட்காமல் எல்லோரும் குழந்தையைத் தேட ஓடிய அந்த நேரத்தில் நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் இரண்டு நாள் அந்த வாய் திறக்கவே இல்லை.

நேற்று மதியம் புது சிஸ்டர் பதிவேட்டைத் திறந்து, இடத்தை விரலால் காட்டி, “இங்க போடுங்க தாத்தா, நேரமாச்சு” என்றார். கொஞ்சம் இருங்கள், வாசித்துப் பார்க்கிறேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. நான் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். நாள், நேரம், வகுப்பு, எல்லாம் சரியாக இருந்தது. பிறகு இப்படி இருந்தது: “மாணவி எந்தக் காரணமும் இன்றி வகுப்பை விட்டு ஓடிவிட்டாள்.”

இரண்டு தடவை வாசித்தேன். மணியும் அதில் இல்லை, கதவும் இல்லை. இருபத்தைந்து வருஷமாக இந்தப் புத்தகத்தில் எதற்கெல்லாம் கீழே விரலை உருட்டியிருக்கிறேனோ, தெரியாது.

“சிஸ்டர், மணி அடிச்சது இதுல இல்லையே” என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: “யார் அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? ஜன்னல் வழியாப் பார்த்தேன். அதை எழுதினா கமிட்டி உங்களை வெச்சிருக்காது தாத்தா. இந்த வயசுல எங்க போவீங்க?” எனக்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாசல் பக்கத்து என் அறையை நினைத்தேன். கடைசிப் பெஞ்சை நினைத்தேன். இன்னும் பாதிப் புத்தகம் பாக்கி இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அப்புறம் அந்த ஒற்றைச் செருப்பை நினைத்தேன். “குழந்தை மேல பழி போட்டுட்டு நான் அந்த வகுப்புல போய் எப்படி சிஸ்டர் உட்காருவேன்?” என்று கேட்டேன். அவர் பேனாவை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

அவர் எழுதியதற்குக் கீழே மூன்று வரி எழுதினேன். அரை மணி நேரம் ஆனது. அதுவரை அவர் உட்கார்ந்தே இருந்தார், அவசரப்படுத்தவில்லை.

இன்றைக்குக் கமிட்டி. ஃபாதர், புது சிஸ்டர், பெற்றோர் சார்பில் இரண்டு பேர். குருவியின் அம்மா ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். குருவி அவர் மடியில் சாய்ந்து நின்றாள். நான் கதவோரம் நின்றேன். பெற்றோரில் ஒருவர், கடன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, “எங்க புள்ளைங்களுக்கும் பாதுகாப்பு வேணும்ல ஃபாதர்? சொன்னாப் புரியாத கொழந்தையை எத்தனை நாளைக்குக் காவல் காக்கிறது?” என்றார். ஃபாதர் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்தார்.

எழுத்தைக் கண்டால் குருவி சும்மா இருப்பாளா? அம்மாவின் கையை விட்டுவிட்டு மேசைக்குப் போனாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே உரக்க வாசித்தாள். முதலில் சிஸ்டர் எழுதியதை நிறுத்தாமல் வாசித்தாள். பிறகு என்னுடைய கோணல் எழுத்துக்கு வந்ததும் ஒரு நிமிடம் குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு அதே குரலில் வாசித்தாள்:

“மணியை அடித்தது நான். கதவைத் திறந்து வைத்ததும் நான். குழந்தைக்குக் காரணம் இருந்தது.”

கடைசி வரியை இன்னொரு தடவை வாசித்தாள்.  அவள் அம்மா அளவு நாடாவின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபாதர் அந்தப் பெற்றோரைப் பார்த்து, “இதுல எது புரியலன்னு சொல்றீங்க?” என்று மட்டும் கேட்டார்.

குருவி இங்கேயேதான் படிப்பாள். சாயங்காலமே மணியைக் கழற்றிவிட்டார்கள், நான்தான் ஏணியைப் பிடித்தேன். விழாவுக்கு மணி இல்லை. வாசலுக்கு உள்தாழ்ப்பாள் போடப்போகிறார்கள்.

என் விஷயம் கமிட்டி மறுபடி கூடித்தான் முடிவாகுமாம். வேண்டுமென்று செய்யவில்லை என்று ஃபாதருக்குத் தெரியும். ஆனால் இரண்டு நாள் மறைத்தது தப்புதானே. அதுவரை மகள் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். முடிவைத் தபாலில் அனுப்புவார்களாம்.

நான் துணிமணி கட்டிக்கொண்டிருந்தபோது கடைசிப் பாடத்துக்கு அட்டை காட்ட ஆள் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேனேஜர் மடியில் அட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, குருவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் வருகிறாள். ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நிற்கிறார்கள். என் ஜன்னலுக்கு நேராக வந்ததும் குருவி வண்டியை நிறுத்தி, எனக்கும் மஞ்சள் அட்டையைக் காட்டச் செய்தாள். பச்சை அட்டையைக் காட்டவில்லை. அப்படியே போய்விட்டார்கள்.

சிஸ்டர், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதுவரை என் பெயருக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. வந்தாலும் வாசிக்கத் தெரியாதே என்று யாரும் எழுதவில்லை. இப்போது ஒன்று வரப்போகிறது. அதில் என்ன இருந்தாலும் நானே வாசித்துக்கொள்வேன், யாரையும் கூப்பிட மாட்டேன். ஆனால் என் வாழ்க்கையில் நான் வாசிக்கும் முதல் கடிதம் அதுவாக இருக்க வேண்டாம்.

மகள் வீட்டு விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். கடிதம் வந்தால் பதில் போடுவேன் என்று வாசலில் நின்று சொன்னீர்கள். மூன்று எழுதிவிட்டேன். பெரிய எழுத்தாக நாலே வரி எழுதினால் போதும். அங்கே என்ன மழை, உங்கள் மூட்டு வலி எப்படி, அது போதும். கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள், சிஸ்டர்.

உங்கள் கடைசிப் பெஞ்சு மாணவன்,
மணித் தாத்தா