வெட்டி எடுத்த ‘ன்னு’

அக்கா,

இன்று காலை பெங்களூர் ரயில் ஊரிகம் ஸ்டேஷனைத் தாண்டும்போது எதிர் சீட்டுக்காரர் போனில் சங்கு ஊதியது. செய்திச் சேனல். எங்கேயோ ஒரு யுத்தமாம், யாரோ எந்த ஊரையோ பிடித்துவிட்டார்களாம். அதைச் சொல்வதற்கு முன்னால் சங்கு ஊதுகிறார்கள், கர்மம்! எனக்கு நம் மைன்ஸ் சங்குதான் ஞாபகம் வந்தது.

தங்கச் சுரங்கத்தை ஒட்டி, சாம்பியன் ரீப்ஸில் நம் லைன் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில். அடியில் பாறை வெடித்து ஏர்பிளாஸ்ட் ஆனால் அடுக்களையில் பாத்திரம் உருளும். ஷிப்ட் நேரமில்லாத நேரத்தில் மைன்ஸ் சங்கு ஊதும். எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்டுக்கு ஓடுவோம். “ஒண்ணும் ஆவல, வீட்டுக்குப் போங்க” என்பார்கள். யாரும் நகர மாட்டோம். ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வந்து, உள்ளே போன ஆள் இறங்கி நடந்து வருகிறவரை அங்கேயே நிற்போம். “வாய் சொல்றது இன்னாத்துக்கு? கேஜ் வரட்டும்” என்பீர்கள். ஒரு நாள் உங்கள் வீட்டுக்காரரும் கேஜில்தான் வந்தார், போர்வைக்குள்ளே.

அதனால்தான் எல்லையில் சண்டை நடந்தபோது நீங்கள் டிவியை நம்பவில்லை. பட்டாளத்தில் இருந்த உங்கள் மகன் பிரபு போன் எடுக்காத நாட்கள் அவை. டிவியில் கோட்டு போட்ட ஒருத்தன் மேப் மேலே ஏறிக் குதித்தான். மேடையில் ஒரு மந்திரி, “நம் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை” என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். நம் லைனிலேயே பட்டாசு வெடித்தார்கள். “எம்புள்ள குரலைக் கேட்டுக்கிறேன், அப்புறம் வெடிங்க” என்றீர்கள். “இன்னா இந்தம்மா, அபசகுனமா பேசுது” என்று முகத்தைச் சுளித்தார்கள்.

கீறல்கூட இல்லாத பக்கத்திலிருந்துதான் பிரபுவின் பெட்டி வந்தது.

பின்னாலேயே, மேப் மேலே குதித்தவனின் சேனலும் வந்தது. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் மைக்கை உங்கள் வாய்க்கு நேரே நீட்டி, “பெருமையா இருக்குதாம்மா?” என்று கேட்டாள் ஒருத்தி. உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது.

“பெருமையா இருக்குதுன்னு சொல்லணுமா நானு? ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலன்னீங்களே, அப்ப இவன் யாரு?”

சாயங்காலம் டிவியில் வந்தீர்கள். “பெருமையா இருக்குது.” அவ்வளவுதான். பின்னாலே வயலின் அழுதது. ‘ன்னு’வோடு சேர்த்து மீதியை வெட்டிவிட்டார்கள், பாவிகள்.

சேனலுக்குப் போன் போடச் சொன்னீர்கள். போட்டேன். “பாசிட்டிவாத்தானே போட்டிருக்கோம் மேடம், அவங்களுக்கும் நல்ல பேருதானே” என்றான் ஒருத்தன். தேர்தல் வந்ததும் அந்த மந்திரியின் கட்சிக்காரர்கள் ரோட்டோரம் உங்கள் முகத்தை பேனராக வைத்தார்கள். மேலே ‘வீரத்தாய்’, கீழே அதே ரெண்டு வார்த்தை. வழியில் பார்க்கிறவர்களெல்லாம் உங்களைக் கும்பிட்டார்கள். “நான் அப்டி சொல்லலைங்க” என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னீர்கள். “பாவம், துக்கத்தில் பேசுது” என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் வெளியே வருவதையே விட்டுவிட்டீர்கள். “புள்ளையை அவன் கொன்னான், என் வாயை இவன் கொன்னான்” என்றீர்கள் என்னிடம்.

உங்கள் சாவுக்கும் அந்தக் கட்சிக்காரர்கள் மாலை அனுப்பினார்கள் அக்கா. அதன் ரிப்பனிலும் அதேதான் அச்சடித்திருந்தது. பிய்த்துக் குப்பையில் போட்டேன். மரியாதை தெரியாதவள் என்று திட்டினார்கள். திட்டட்டும்.

இன்றைக்கு ரயிலில் அந்த மனுஷர் போனை என் பக்கம் திருப்பினார். “பாருங்க, ஜெயிக்கிறவங்க பக்கம் ஒரு கீறல் இல்லியாம். சண்டைன்னா இப்டி இருக்கணும். நம்ம ஊரு வீரத்தாய்கூட அன்னிக்கு டிவியில பெருமையா இருக்குதுன்னு சொன்னாங்களே!”

எத்தனையோ பேர் இதை என்னிடம் சொல்லியாகிவிட்டது. சேனல்காரன் வெட்டி எறிந்த ‘ன்னு’வை, இதைச் சொல்கிறவர்களே திருப்பிக் கொண்டுவந்து தருகிறார்கள், தெரியாமலே. அங்கேதான் நான் பிடித்துக்கொள்வேன்.

“‘ன்னு சொன்னாங்க’ இல்லீங்க” என்றேன். “‘ன்னு சொல்லணுமா நானு’ன்னாங்க. பெட்டியைக் காட்டி, அப்ப இவன் யாருன்னு கேட்டாங்க. பக்கத்துல நின்னவ நான்.”

போனில் சங்கு மறுபடி ஊதியது. அவர் சவுண்டைக் குறைத்துக்கொண்டார்.