இரண்டாய்த் தெரிந்தவன்

ஆகஸ்ட் 21, 2023

மதுரையிலிருந்து பண்ணைக்காடு திரும்பினோம். என் மூக்குக்கண்ணாடியின் இடது சில்லில் மெல்லிய வரிகள் கொண்ட பிரிசத்தை ஒட்டியிருக்கிறார்கள். "கண்ணை வெளிப்பக்கம் திருப்புற நரம்பு, நெத்தியில அடிபட்டதுல சோர்ந்துபோச்சு. இது வெளிச்சத்தை வளைச்சு ரெண்டு உருவத்தையும் ஒண்ணாக்கும். நரம்பு தேறுனா எடுத்துரலாம்" என்றார் டாக்டர். தேறாமலும் போகலாமாம்.

போட்டதும் செந்தில்வேல் ஒருவராகத் தெரிந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு புருஷன் முகம் ஒற்றையாக. இவர் தம்பியின் மூக்கும் இவருடையதும் ஒன்றே. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 24

மாமியார் வந்தார். "கொழுந்தன்தானே, கேஸை வாபஸ் வாங்கிருத்தா."

அந்தக் கொழுந்தன் சிவமுருகன், எங்கள் மிளகுக்கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரங்களை அறுத்தான். மறித்தேன். மண்வெட்டிக் காம்பால் நெற்றியில் அடித்தான். அண்ணி வழுக்கி விழுந்துட்டாங்க என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

வாபஸா? செத்தாலும் மாட்டேன்.

செப்டம்பர் 6

பள்ளியில் இயற்பியல் எடுக்கும் ரோகிணி டீச்சர் என் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பைனாகுலருக்குள் இருப்பதும் பிரிசம்தானாம். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு 'அறுக்கப்பட்டது' என்று பொருளாம். நான் தமிழாசிரியை, விடுவேனா? நம் பாடநூலில் முப்பட்டகம்: மூன்று பட்டை, அவ்வளவுதான். இலங்கைக்காரர்கள் அரியம் என்கிறார்கள். அரிதல், வெட்டுதல். அதுதான் பிடித்தது.

மரத்தை அறுத்தவனை நான் அறுக்க வேண்டும்.

அக்டோபர் 30

கடைத்தெருவில் சிவமுருகன். "எப்படியிருக்கீங்க அண்ணி" என்று சிரித்தான். கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். இரண்டு பேரையும் ஜெயிலில் வைத்துப் பார்த்தேன். ருசியாக இருந்தது.

ஜனவரி 9, 2024

காலையில் கண்ணாடி இல்லாமல் முற்றத்துக்கு வந்தேன். ஒரு வாழை. ஒரு நாய். ஒரு செந்தில்வேல்.

கண்ணாடியைப் போட்டேன். இரண்டு வாழை.

தேறிவிட்டது. சந்தோஷப்பட வேண்டாமா? இப்போதா தேற வேண்டும் — சாட்சி சொல்ல இன்னும் நாள் இருக்கும்போது?

யாரிடமும் சொல்லவில்லை. மதுரைக்கும் போகவில்லை.

பிப்ரவரி 20

கொடைக்கானல் கோர்ட். கண்ணாடியோடு போனேன். படியேறத் தடுமாறினேன். நடிக்கவில்லை, படிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

அவன் வக்கீல் கேட்டார்: "இப்பவும் ரெண்டாத்தான் தெரியுதாம்மா?"

"ஆமாங்க. ரெண்டாத்தான் தெரியுது."

பொய் இல்லை. கூண்டில் இரண்டு சிவமுருகன்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

மார்ச் 3

கண்ணாடியால் தலைவலி. கழற்ற மாட்டேன்.

நவம்பர் 12

தீர்ப்பு. ஆறு மாதம். மாமியார் மண்ணை வாரி என் பக்கம் வீசினார். நிமிர்ந்து நடந்தேன்.

நவம்பர் 15

பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடி மேசையில். செந்தில்வேல் உள்ளே வந்ததைக் கவனிக்கவில்லை.

"எப்பத்துலேருந்து?" என்றார்.

"பொங்கலுக்கு முன்னாடியிருந்து."

போய்விட்டார்.

நவம்பர் 18

தம்பியைப் பார்க்க வெள்ளனே மதுரை ஜெயிலுக்குக் கிளம்பினார். பகலெல்லாம் எனக்கு ஒரு சோலியும் ஓடவில்லை. சாயங்காலம் திரும்பினார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

சோறு போட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றவா என்று கேட்டேன். தட்டின் மேல் கையை விரித்து மறைத்தார்.