எந்த மைக்கேல்?

மார்ச் 3, 2016

பலினா சந்தையில் கூட்டமே இல்லை. மழை. டிரெய்லர் இரண்டு விலை போயின. மூன்றாவதை ஸ்லைகோ ஊர்க்காரன் ஒருவன் சுற்றிச் சுற்றி வந்தான், டயரை உதைத்துப் பார்த்தான், என் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து போன். ஜெரார்டு என்று ஒருவன். அவன் அம்மா நோரா டர்க்கன் எங்கள் பூர்வீக ஊரான கிளான்டவ்ரானில் பிறந்தவளாம். சிறுமியாக இருக்கும்போதே அமெரிக்காவில் இருந்த சித்தியிடம் அனுப்பிவிட்டார்களாம். வம்சம் தேடி வருகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. டிராக்டர், டிரெய்லர் விற்கும் என் யார்டு வாசலில் 'டர்க்கன்' என்று பலகை மாட்டிய பாவம், கோடைக்கு நாலு பேர் வந்து நிற்பார்கள். நம் குடும்பத்துக்குக் கோட்டை இருந்ததா என்பார்கள். இவன் கோட்டை கேட்கவில்லை.

"எனக்கு ஹன்டிங்டன் நோய்னு சொல்லிட்டாங்க. நரம்பு கொஞ்சங்கொஞ்சமா போயிடுமாம், கை கால் தன்னால ஆடுமாம். ரத்தத்துல வர்றதாம். எங்க தாத்தா மைக்கேல் டர்க்கன், உங்க ஊருக்காரர், பைத்தியக்கார ஆஸ்பத்திரியில செத்தாரு. அவரு வழியாத்தான் வந்திருக்கணும். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தானாம், கைக்குழந்தையிலேயே போயிட்டானாம். உங்களுக்கு அந்த மைக்கேல் என்ன வேணும்?"

தெரியாது என்றேன். அது நிஜம்தான். என் தாத்தாவின் பெயரும் மைக்கேல் டர்க்கன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 4

ரசீது எழுதும்போது பேனா நழுவியது. குளிர்தான்.

மார்ச் 6, ஞாயிறு

பூசை முடிந்து மகள் ஓர்லாவும் அவள் கணவனும் சாப்பிட வந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம். "அடுத்த ஈஸ்டருக்குள்ள தொட்டில் வாங்கித் தரணும்ப்பா. கடைக்காரன்கிட்ட விலை பேசி மானத்தை வாங்காதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்.

பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குச் சரிபாதி வாய்ப்பாம். காசைச் சுண்டி விடுகிற கதை. படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது.

எனக்கு என்னதான் தெரியும்? அப்பா ஏரியில் விழுந்து செத்தபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்கு நாற்பத்தொன்று. அம்மா எங்களைத் தன் பிறந்த ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். கிளான்டவ்ரான் பேச்சே வீட்டில் கிடையாது. தாத்தா எங்கே செத்தார், எப்படிச் செத்தார், யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு வேனில் பழைய இரும்பு ஏற்றித் தொழில் ஆரம்பித்தவனுக்குத் தாத்தாவைப் பற்றி யோசிக்க ஏது நேரம்?

மார்ச் 9

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுக்க இணையத்திலேயே இருக்கிறது. கிளான்டவ்ரானைத் தட்டினேன். தாத்தா முதல் வீட்டிலேயே இருந்தார்: மைக்கேல் டர்க்கன், மகன், வயது 22. பிறகு மரணப் பதிவு. மைக்கேல் டர்க்கன், கிளான்டவ்ரான், 1931, மாவட்ட மனநோய் விடுதி, வயது 43. காரணம் என்ற இடத்தில் உடல் நடுக்கம், சித்தப் பிரமை.

வயது ஒத்துப் போகிறது. ஊர் ஒத்துப் போகிறது.

இடது கையை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுண்டுவிரல் அசைந்ததா? நான் அசைத்தேனா?

மார்ச் 12

டீலியா அத்தையைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போனேன். அப்பாவின் அக்கா. தொண்ணூற்று நாலு வயது. கண் மங்கிவிட்டது, நாக்கு மங்கவில்லை.

"யாரு, டிராக்டர் விக்கிறவனா? எனக்கு ஒண்ணும் வேணாம்பா. இருக்கிற தள்ளுவண்டியே போதும்."

சுற்றி வளைக்கவில்லை. "அத்தை, மைக்கேல் டர்க்கன் எங்கே செத்தாரு?"

"எந்த மைக்கேல்?"

எனக்கு விளங்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. "அமெரிக்காக்காரன் மாதிரி கேக்குறியேடா! தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேரு வைக்கணும். அண்ணன் ஆன்டனியும் வச்சான், தம்பி தாமஸும் வச்சான். ரெண்டு மைக்கேல், பக்கத்துப் பக்கத்து வயலு. எங்கப்பா மைக்கேல் ஆன்டனி. மத்தவரு மைக்கேல் தாமஸ். ஒருத்தரைக் கூப்பிட்டா ரெண்டு வீட்டு நாயும் குரைக்கும்."

"ஆஸ்பத்திரியில செத்தது?"

"அது மைக்கேல் தாமஸ். எங்கப்பா சொந்தக் கட்டில்ல, நெஞ்சுச் சளியில போனாரு. ஊரே வந்து ராத்திரி பூரா உக்காந்து, இருந்த விஸ்கியைத் தீர்த்துட்டுப் போச்சு."

பேச்சில் தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். காகிதத்தில் அது ஏறாது. பல்லைப் பார்க்காமல் மாடு வாங்காத நான், முதல் வீட்டோடு கணக்கெடுப்பை மூடிவிட்டேன். அத்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். கிளம்பும்போது சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டேன்: "பாவம் அந்த மைக்கேல் தாமஸ். நோராவுக்கு ஒரு தம்பி இருந்து செத்துட்டானாமே?"

அத்தை கோப்பையைக் கீழே வைத்தாள். "கிளம்பு. மழை வருது" என்றாள்.

மார்ச் 13

என் மனைவி நூலாவிடம் நேற்று ராத்திரிதான் எல்லாவற்றையும் சொன்னேன், சிரித்துக்கொண்டே. "பத்து நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சது இதுக்குத்தானா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாகத் தூங்கினேன்.

விழிக்கும்போது அத்தை சொன்ன அந்த மழைதான் நினைவுக்கு வந்தது. நேற்று வெளியே பளீரென்று வெயில். விற்கிறவன் திடீரென்று வானிலை பேசினால் அந்த மாட்டுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். இதை வைத்துத்தான் இத்தனை வருஷம் பிழைத்தேன்.

மார்ச் 16

காசில்பார் பதிவாளர் அலுவலகத்தில் அப்பாவின் பிறப்புப் பதிவைக் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் படித்துக் காட்டினாள். "தகப்பன் மைக்கேல் டர்க்கன், விவசாயி, கிளான்டவ்ரான். சரிதானே?"

"சரி."

"தாய் பிரிஜிட் ருவான்."

டீலியா அத்தையின் அம்மா கேத் கில்காய்ன். அது எனக்குத் தெரியும்; கில்காய்ன் குடும்பத்துக்கு நான் இரண்டு டிராக்டர் விற்றிருக்கிறேன்.

"உடம்புக்கு முடியலையா? உக்காருங்க" என்றாள் அந்தப் பெண். நகலுக்குக் காசு கட்டி முடிக்கும்வரை நின்றேன்.

மார்ச் 17

பேட்ரிக் திருநாள் ஊர்வலம். எப்போதும்போல நம் பழைய சிவப்பு டிராக்டரை நானே ஓட்டினேன். வழியெல்லாம் கைதட்டல். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த பிடியில் சாயங்காலம் வரை விரல்கள் நிமிரவில்லை. பிடித்திருக்கும்வரை ஆடாது இல்லையா?

மார்ச் 19

"உனக்கு இரும்பு வித்துத் தின்னத் தெரியலையா? இது எதுக்கு உனக்கு?" என்றாள் அத்தை. பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பேரத்தில் முதலில் வாய் திறக்கிறவன்தான் தோற்பான். அவள் திறந்தாள்.

"மைக்கேல் தாமஸோட பொண்டாட்டி, ருவான்காரி, செத்துப் போனா. அப்புறம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆளுங்க வந்தாங்க. அவரால ஒரு இடத்துல நிக்க முடியல, உடம்பு பூரா ஆடுச்சு. நாங்க பிள்ளைங்க, வேலியில நின்னு சிரிச்சோம். நோராவை அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. கைக்குழந்தையை எங்கம்மா சாக்குல சுத்தி, வயலைத் தாண்டித் தூக்கிட்டு வந்தா. 'இவன் உன் தம்பி'ன்னா. எனக்கு ஆறு வயசு. சரின்னேன்."

"யாருமே கேக்கலையா?"

"கேக்காம என்ன? வாத்தியார் உங்கப்பனைக் கேட்டாரு, அப்பன் பேரு என்னன்னு. மைக்கேல் டர்க்கன்னான். பொய்யா? கல்யாணத்துக்குப் பாதிரியார் கேட்டாரு. மைக்கேல் டர்க்கன். பொய்யா? எந்த மைக்கேல்னு ஒருத்தரும் கேக்கல. தெரிஞ்சவங்க வாயைத் திறக்கல. திறந்திருந்தா உங்கம்மா வீட்டுல பொண்ணு குடுத்திருப்பாங்களா? நீ இங்க உக்காந்து என்னை மிரட்டுவியா?"

ஏரியைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடைசி வருஷம் அவன் நடை சரியில்ல. தள்ளாடினான். ஊரு குடின்னுச்சு. நாங்களும் ஆமான்னோம்."

அப்பா மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர். அப்படிச் சத்தியம் செய்தவர்கள் குத்திக்கொள்ளும் சின்னப் பதக்கம் அவர் கோட்டில் எப்போதும் இருக்கும். "குடிக்காத மனுஷனைக் குடிகாரன்னு சொல்ல விட்டீங்களா அத்தை?" என் குரல் உயர்ந்து, நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"குடி ரத்தத்துல வராதுடா" என்றாள் அத்தை. "அதான்."

மார்ச் 20

பயமா இருக்கு. வேற ஒண்ணும் எழுத வரல.

மார்ச் 23

நூலா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள், சொன்னேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கறாராக, "ஓர்லாகிட்ட சொல்லு."

"குழந்தை பிறக்கட்டும். அப்புறம்..."

"அப்புறம்னா எப்போ? உங்க அத்தை மாதிரி தொண்ணூத்து நாலு வயசுலயா?"

வியாபாரத்தில் கேட்ட குறையை நான் மறைத்ததில்லை. கேட்காத குறையைச் சொன்னதும் இல்லை. ஓர்லா கேட்கமாட்டாள். அவளுக்கு எப்படித் தோன்றும்? ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும், எல்லாம் தன்பாட்டில் நடக்கும். கிளான்டவ்ரானில் ஒரு ஊரே செய்த வேலை. எவ்வளவு சுலபம்! அந்தச் சுலபம்தான் கைநடுக்கத்தைவிட என்னைப் பயமுறுத்துகிறது.

மார்ச் 27, ஈஸ்டர்

ஆட்டுக்கறி வெந்துகொண்டிருக்கும்போது அவளை யார்டுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். முதலில் ஜெரார்டு, பிறகு இரண்டு மைக்கேல், சாக்கு, ஏரி. ஒன்றையும் விடவில்லை. அவள் ஒரு டிரெய்லரின் பின்கதவில் ஏறி உட்கார்ந்தாள்.

"எப்போ தெரியும்?"

"போன வாரம்."

"ஒரு வாரம் வச்சிருந்தீங்க."

"ஆமா."

காற்றில் தகரம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. கணக்குப் போட்டாள். என் மகள்தானே. "நீங்க டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுங்கப்பா. உங்களுக்கு இல்லன்னா எனக்கும் இல்ல. அதுவரைக்கும் நாங்க காத்திருக்கோம்."

இதுவரை எனக்காகப் பயந்தேன். இன்றைக்கு அதெல்லாம் சின்னதாகிவிட்டது.

ஏப்ரல் 2

ஜெரார்டுக்குப் போன் போட்டேன். "உங்கம்மாவோட தம்பி கைக்குழந்தையில சாகல. அவரோட மகன்தான் பேசுறேன்."

என் பெயரையும் ஊரையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டான். பிறகு, "அப்போ நீ எனக்கு மாமன் மகன்!"

"ஆமா. கிடைச்ச சொத்தைப் பாரு" என்றேன். இருவரும் சிரித்தோம், பயந்தவர்கள் சிரிக்கிற மாதிரி, அளவுக்கு மீறி.

ஜூன் 14

டப்ளின் ஆஸ்பத்திரி. ஆலோசனை சொல்லும் பெண் இரண்டாவது முறையாகக் கேட்டாள், "முடிவைத் தெரிஞ்சுக்கத்தான் வேணுமா? இப்பவும் வேணாம்னு சொல்லலாம்." சட்டைக் கையை மடித்து நீட்டினேன். ஒரு சின்னக் குழாய் ரத்தம். அதில் எந்த மைக்கேல் என்று சந்தேகமே வராதாம்.

ஆகஸ்ட் 20

போன் அடித்தால் நூலாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். வைக்கோல் கட்டும் இயந்திரம் கேட்டு யாரோ. வைக்கோல், வைக்கோல், எப்போதும் வைக்கோல்தான்.

செப்டம்பர் 8

முடிவு வாங்க மூன்று பேரும் டப்ளின் போனோம். ஓர்லா அறைக்குள் வரவில்லை. நடையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் அம்மா நல்லவள். சுற்றி வளைக்கவில்லை. நூலா நன்றி சொன்னாள்.

வெளியே வந்தேன். இந்தத் தொழிலில் என் முகத்தைப் படித்தவன் ஒருவனும் கிடையாது. விலையில் எவ்வளவு வரை இறங்குவேன் என்று கடைசிவரை எவனுக்கும் தெரியாது. ஓர்லா நிமிர்ந்து ஒரே ஒரு முறை பார்த்தாள்.

"பசிக்குதுப்பா" என்றாள்.

மீன் வறுவல் கடையில் உட்கார்ந்தோம். ஓர்லா தன் தட்டைத் தீர்த்தாள், பிறகு என் தட்டை இழுத்து அதையும் தீர்த்தாள். பிறகு காகிதத்தில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, இப்போது வந்த ஆஸ்பத்திரிக்கே பேசினாள். எதிர்முனையில் யாரோ என்ன விஷயம் என்று கேட்டிருக்க வேண்டும்.

"டெஸ்ட்டுக்கு ஒரு நாள் குறிச்சுக் குடுங்க" என்றாள். "இல்ல, அப்பாவுக்கு இல்ல. எனக்கு."