பருந்துகள் கூடிய இடம்

2021 மே 12, புதன்

அரிசி ஊறப் போட்டேன். அரைக்கவில்லை.

அஜீசுன்னிசா போய் ஒன்பது நாள். ராயபுரம் ஆபீசில் பதினேழு வருடம் பக்கத்து மேசை. மதியம் அவள் டப்பாவை நான் தின்பேன், என் டப்பாவை அவள். கடைசியாகப் பார்த்தது போனில், யாரோ அனுப்பிய வீடியோவில் - நீல உடை போட்ட நாலு பேர் ஒரு வெள்ளைப் பொட்டலத்தைக் குழிக்குள் இறக்குகிறார்கள். தெரிந்த கை ஒன்றுகூட அவள்மேல் படவில்லை.

சாயங்காலம் ஆனால் நெஞ்சு அடைக்கிறது. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தால் 98 என்கிறது. அப்போ இது வேற.

வீட்டுக்காரர் அறிவு மணலி ஆலைக்குள்ளேயே தங்கி வேலை பார்க்கிறார். எப்போது வெளியே விடுவார்களோ. போனில், "சாப்ட்டியா யசோ?" என்றார். சாப்பிட்டேன் என்றேன்.

மே 15, சனி

பீரோவில் ஆபீஸ் கேமரா. சர்வேக்கு எடுத்துப் போனது, ஊரடங்கால் திருப்பித் தர முடியவில்லை. சும்மா மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன்.

திருவொற்றியூரில் சூரியன் கடலில் மறைவதில்லை. முதுகுப் பக்கம், மணலி புகைக்கூண்டுகளுக்குப் பின்னால் போகிறது. ஆனால் போகும்போது அதன் வெளிச்சமெல்லாம் கடல்மேல்தான். அந்த வெளிச்சத்தில் ஒரு செம்பருந்து. வெள்ளைக் கழுத்து, செப்பு நிற இறக்கை. ஜூம் போட்டேன். கிடைத்தது.

கப்பலில் வந்த சரக்கில் நசுங்கியது, நனைந்தது, சீல் உடைந்தது - இத்தனை வருடம் சேதத்தை மட்டும்தான் படம் எடுத்திருக்கிறேன். சேதமில்லாத ஒன்றை எடுத்தது இன்றுதான்.

மே 18, செவ்வாய்

கொக்கு மூன்று. மடையான் ஒன்று. நாற்பது நிமிடம் அடைப்பு இல்லை.

மே 20, வியாழன்

புஷ்பவல்லி அக்கா வந்தாள். பதினோரு வருடமாக எனக்கு மீன் தருகிறவள். கூடையோடு வந்தால் பிடிக்கிறார்கள் என்று பிளாஸ்டிக் பக்கெட்டில் மீனை வைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடியிருந்தாள்.

"இன்னாம்மா, மாடிலயே குந்திகினு காக்காய போட்டோ புடிக்கிறியாமே?"

"காக்கா இல்லக்கா, பருந்து."

"அது இன்னும் மோசம். நேத்து என் கைலேர்ந்து ஒரு சங்கராவ தூக்கினு பூட்ச்சி. திருட்டு நாய்க்கி போட்டோவா? இத்தினி வருசமா மீன் தரேன், என்னிய ஒண்ணு எடுத்துகிறியா நீ?"

எடுக்கிறேன் என்றதும் வெட்கப்பட்டு முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

மார்க்கெட்டில் விற்க விடுவதில்லை. அதனால் அவள் வீட்டுக்காரர் கோதண்டமும் இன்னும் மூன்று படகுக்காரர்களும் சாயங்காலம் ஆறு மணி வாக்கில், ஆறாம் எண் தூண்டில் வளைவுக்குப் பின்னால் மீன் இறக்குகிறார்கள். கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கருங்கல் மறைப்பதால் ரோட்டிலிருந்து தெரியாதாம். "அந்த பருந்துங்களுக்கு மட்டும் எப்பிடியோ தெரிஞ்சிட்ச்சி. நீ யாராண்டயும் வாய வுட்டுறாத."

சொல்வேனா, என்றேன்.

மே 26, புதன்

புத்த பூர்ணிமா. தனியாக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். புயல் எச்சரிக்கை, ஒரு படகும் போகவில்லை. ஏழு மணிக்கு மேகத்துக்குள்ளிருந்து நிலா வந்தது, அரைத்த மஞ்சள் நிறத்தில். அறிவுக்கு அனுப்பினேன். "இங்க பாய்லர் ரூம்ல பத்து பேரும் பார்த்தோம். ஸ்டேட்டஸ்ல போடு, நீயே வெச்சிக்காத" என்றார்.

மே 27, வியாழன்

இன்றைக்கு எடுத்தது மாதிரி எப்போதும் எடுத்ததில்லை.

கடல் அடங்கி, படகுகள் போய் வந்திருக்கின்றன போல. முப்பத்தேழு பருந்துகள். எண்ணினேன். ஒரே சுழல், அத்தனை வயிறும் செம்பு. ஓரத்தில் கல்லில் வெள்ளையில் எழுதிய 6 விழும்படி நின்றுகொண்டேன். பழக்கம்தான். இடம் தெரியாத படத்தை எங்கள் மேனேஜர் பார்க்கக்கூட மாட்டார்.

ஸ்டேட்டஸில் போட்டேன். அறுபத்தொரு பேர் பார்த்தார்கள். யாரோ கேட்டு வாங்கி ஏரியா குரூப்பிலும் போட்டார்கள். "நம்ம ஊரா இது!"

அஜீசு இருந்திருந்தால் முதலில் அவளுக்குத்தான். அப்படி நினைத்தும் இன்று நெஞ்சு அடைக்கவில்லை.

மே 29, சனி

மாடியிலிருந்து பார்த்தேன். கவர்மெண்ட் ஜீப் ஒன்று நேராக ஆறாம் எண்ணுக்கு வந்தது. அங்கே இங்கே தேடவில்லை. மீனை மணலில் கொட்டி பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். கோதண்டத்தின் படகு என்ஜினைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். புஷ்பவல்லி அக்கா மணலை வாரி வாரி இறைத்தாள். அவள் குரல் இங்கேவரை கேட்டது.

நேராக எப்படி வந்தார்கள்?

மே 30, ஞாயிறு

ஏரியா குரூப்பில் என் படத்துக்குக் கீழே, பெயர் தெரியாத ஒருவர்: "இவ்ளோ பருந்து கூடுதுன்னா அங்க மீன் இறக்குறாங்கனு அர்த்தம். நம்பர் இருக்கு, டைமும் இருக்கு. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியாச்சு."

படத்தின் மூலையில் மஞ்சள் எழுத்து. 27-05-2021 17:52. ஆபீஸ் கேமராவில் அதை அணைக்கக் கூடாது. பதினேழு வருடத்தில் அதைப் பார்ப்பதையே மறந்துவிட்டேன்.

இடம். நாள். நேரம். சர்வே ரிப்போர்ட்டேதான். ஐயோ, என்ன பண்ணிட்டேன்.

ஜூன் 2, புதன்

புஷ்பவல்லி அக்கா கையை வீசிக்கொண்டு வந்தாள். மீன் இல்லை. உட்கார்ந்தாள்.

"மங்கம்மா கெய்விதாம்மா போட்டு குட்த்துகீது. அவ மருமவன் கவர்மெண்டு ஜீப்பு ஓட்றான்ல. போன மாசம் பங்கு பிரிக்கசொல்ல என்னாண்ட சண்ட வேற போட்டா."

"அவங்க சொன்னாங்களா?"

"அத்த கேக்கணுமா? குப்பத்துல ஒருத்தி அவளாண்ட பேசறதில்ல. கூடைக்கும் யாரும் கை குடுக்கறதில்ல."

மீன் நிறைந்த கூடையைத் தானே தலைக்கு ஏற்ற முடியாது. எதிரில் ஒருத்தி நின்று தூக்கிவிட வேண்டும். சண்டைக்காரிக்குக்கூடத் தூக்கிவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். மங்கம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை இறக்கி இறக்கி வைத்துப் போகிறாளாம்.

நான் என்ன செய்தேன்? டீ போட்டுக் கொடுத்தேன். டீ!

ஜூன் 3, வியாழன்

அறிவிடம் சொன்னேன். "சொல்லிட்டு அங்க குடியிருக்க முடியுமா யசோ? வேணும்னா பண்ணே? ரெண்டு வாரம் போனா மறந்துடுவாங்க" என்றார்.

எனக்காகப் பயப்படுகிறார். மறந்தும்விடுவார்கள். ஆனால் மங்கம்மா?

தெரிந்த கை படாமல் அஜீசு போனாளே என்று ஒரு மாதமாக அழுகிறேன். இங்கே ஒருத்திக்கு யாரும் கை கொடுக்காமல் ஆக்கியது நான்.

ஜூன் 4, வெள்ளி

போனேன்.

புஷ்பவல்லி அக்கா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். படத்தைப் பார்த்து முதலில் சிரித்தாள். "அடேங்கப்பா, இத்தினியா!" பிறகு அந்த 6-ஐக் காட்டினேன். நேரத்தைக் காட்டினேன். குரூப்பில் இருந்ததைப் படித்தேன்.

"நீயா?"

"தெரியாம பண்ணிட்டேன்க்கா."

"இன்னா தெரியாம? பருந்து இன்னாத்துக்கு வருதுன்னு உனுக்குத் தெரியும். நான்தான சொன்னேன்? படிச்ச பொம்பள! டைமு, நம்பரு எல்லாம் போட்டு கோர்ட்டுக்கு சாட்சி மாதிரி குட்த்துகிறியே!"

தெரியும்தான். படம் நன்றாக வருகிறதே என்ற சந்தோஷத்தில் தெரிந்தது எங்கேயோ போய்விட்டது.

அவள் கையைப் புடவையில் துடைத்தாள். "என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? நட. மங்கம்மா வூட்டாண்ட வந்து சொல்லு. எல்லார் காதுலயும் வுழணும்."

தெருவில் ஆறேழு பெண்கள் கூடிவிட்டார்கள். சொன்னேன். முகக்கவசத்துக்குள் குரல் அமுங்கியது. "கேக்கல, அத்த கழட்டிட்டு சொல்லு" என்றாள் ஒருத்தி. கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

மங்கம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தப் போட்டோல நான் கீறனா?"

"இல்லம்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு எனுக்குக் காட்ற?"

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "இனிமே உனுக்கு மீனு கிடையாது. கருவாடு கூட கிடையாது, போ."

புஷ்பவல்லி அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். அதுதான் தாங்கவில்லை.

சொன்னால் லேசாகிவிடும் என்பார்கள். இல்லை. ஆனால் திரும்பி வரும்போது பார்த்தேன் - கூட்டமாக நின்ற பெண்களில் ஒருத்திக்கும் மங்கம்மாவின் கதவைப் பார்க்க முகமில்லை.

ஜூன் 6, ஞாயிறு

கேமராவைத் தொடவில்லை. அடைப்பு. மிளகு ரசம்.

ஜூன் 9, புதன்

அறிவு வந்துவிட்டார். தாடியோடு, ஏழு கிலோ குறைந்து. சாயங்காலம் அவராகவே கேமராவை எடுத்து என் கையில் கொடுத்து, மாடிக்குக் கூட வந்தார். ஆலாக்கள் தண்ணீரில் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. எடுத்தேன். வெறும் தண்ணீரும் பறவையும். யாருக்கும் அனுப்பவில்லை. "சொல்லிட்டல்ல" என்றார். "ம்." பக்கத்திலேயே நின்றார்.

ஜூன் 12, சனி

என்ஜினைக் கேட்டு மனு எழுதித் தருகிறேன் என்று புஷ்பவல்லி அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். வேண்டாமாம். வேறு யாரோ எழுதினார்களாம். என்ஜின் வந்துவிட்டது என்று காய்கறி வண்டிக்காரர் சொன்னார். அந்த அளவுக்கு நிம்மதி. அவர் தராசில் இருந்த கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 19, சனி

மாடியிலிருந்து இறங்கும்போது கதவுக்கு வெளியே மங்கம்மா. மூச்சு வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பாலித்தீன் பை, ரெண்டு சங்கரா.

"ரெண்டு மாடி ஏற வெச்சிட்டியே. தண்ணி குடு."

கொடுத்தேன். குடித்தாள். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை.

"வூடு வூடா போயி என் பேர நாறடிச்சாளுங்க. ஒருத்தி வந்து நான் தப்பா சொல்ட்டேன்னு சொல்லல. நீதான் வந்த." டம்ளரைக் கீழே வைத்து, "அதுக்கோசரம் நீ செஞ்சது சரின்னு ஆவாது" என்றாள்.

"ஆகாதும்மா."

"கீய ஒருத்தி நின்னுகினு கீறா. வான்னா ஏற மாட்டன்றா. ரோசம்."

ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில், முதுகைக் காட்டிக்கொண்டு, காலடியில் கூடையோடு புஷ்பவல்லி அக்கா.

"அக்கா!"

திரும்பவில்லை. எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தே கத்தினாள்: "போன வாட்டி மாதிரி தலைய பூனைக்குப் போட்டன்னா தெரியும் சேதி! கொயம்புல போடு!"

மங்கம்மா கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கிப் போனாள்.

தலையைக் குழம்பில் போட்டேன்.