டீயோடு போட்ட மாத்திரை

அக்கா, நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும்.

இன்று விடியலில் கட்டிலை விட்டு இறங்கும்போது கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொண்டது. குரக்களி. பள்ளிவிட்டு நடந்து வரும் வழியில் எனக்கு இப்படிப் பிடித்தால், நீ அப்படியே மண்ணில் உட்கார்ந்து என் பாதத்தை மடியில் வைத்து விரல்களை மேல்நோக்கி வளைப்பாய். "அழுவாத சாமி, இப்ப வுட்டுரும்" என்பாய். விட்டுவிடும். இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நானே வளைத்தேன். வெகுநேரம் விடவில்லை.

எனக்கும் தைராய்டு சுரப்பு குறைவாம். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. குரக்களிக்குத் தண்ணீர் போதாமை, உப்புச்சத்துக் குறைவு, ஓயாத வேலை என்று பல காரணங்கள் உண்டு, இதுவும் ஒன்று என்றார் மருத்துவர். மாத்திரைப் புட்டியைக் கையில் கொடுத்து, "வெறும் வயித்துல, வெறும் தண்ணியில போடுங்க. டீ ஒரு மணி நேரம் கழிச்சுத்தான், சுண்ணாம்புச்சத்து மாத்திரைன்னா நாலு மணி நேரம்" என்றார். புட்டியைத் திறக்கவே கை வரவில்லை.

உன் மகள் நித்யாவின் கல்யாணத்தில் தாய்மாமன் நான் எடுத்துக் கொடுக்க வேண்டிய மாலையை உன் வீட்டுக்காரர் தன் லாரிக் கூட்டாளியின் கையில் கொடுத்தார். நான் மேடைக்குக் கீழே நின்றிருந்தேன். "அவரு பண்ணிப்போட்டாரு சாமி, மனசுல வெச்சுக்காத" என்று நீ மண்டப வாசல்வரை பின்னாலேயே வந்தாய். வைத்துக்கொண்டேன். ஏழு வருடம் உன் வீட்டுப்படி மிதிக்கவில்லை.

உன்னைக் கடைசியாகப் பார்த்தது ஓர் உறவினர் கல்யாணப் பந்தியில். எதிர்வரிசையில் இருந்தாய். முகம் ஊதியிருந்தது. திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டாய்.

"என்னாச்சுங்க அக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கொரக்களிங்க. நாலு எருமையக் குந்திக் குந்திக் கறந்தா காலு சும்மா இருக்குமுங்களா?"

"தைராய்டு மாத்தரை போடறீங்கல்ல?"

"தப்பாமப் போடறனுங்க. காத்தால டீயோட அதையும் சுண்ணாம்புச்சத்து மாத்தரையையும் ஒண்ணா முழுங்கிப்போட்டுத்தான் கறவைக்கே போவேன்."

"வெறும் வயித்துல போடோணும்பாங்களே?"

"டீ என்ன சோறுங்களா? வெறும் வயிறுதானுங்க!"

பந்தியே சிரித்தது. நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். டீயும் சுண்ணாம்புச்சத்தும் அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்று எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. அந்த நேரத்தில் நீ என்னைப் பார்த்து, "சாப்புட்டியா தம்பி?" என்றாய். அதற்கும் பதில் சொல்லாமல் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஆவணியில் மாட்டுக்கொட்டகையிலேயே சாய்ந்தாய். இதயம் என்றார்கள். தைராய்டு குறைவு சரியாகாமல் நீடித்தால் இதயத்தையும் வாட்டும். அந்த டீதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் தெரிந்தும் சொல்லாதவன் நான்தான். நீ கூப்பிடும் 'தம்பி' என்ற சொல்லை வேறு யார் சொன்னாலும் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. நீ இல்லை.

நேற்று சங்ககிரி பேருந்து நிலையத்தில் நித்யாவைப் பார்த்தேன். தூணில் சாய்ந்து கெண்டைக்காலை அழுத்திக்கொண்டிருந்தாள். உன் வயது வரும் முன்பே உன் முகம், உன் வீக்கம். நான் இருந்த பேருந்து கிளம்பிவிட்டது என்று எழுதினால் பொய். கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. இறங்க மனம் வரவில்லை.

அதனால் உன் பெயருக்கே, உன் வீட்டு முகவரிக்கே இந்த மடல். நீ போனபின் அங்கேயே வந்து இருக்கும் நித்யாதான் உனக்கு வரும் தபாலைப் பிரிப்பாள். படிக்கட்டும். தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளட்டும். மாத்திரை கொடுத்தால் எப்படிப் போட வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். படித்தால் யாரென்று தெரிந்துவிடும்தான், ஆனாலும் பெயர் போட்டால் நான் சமாதானத்துக்கு வந்ததாக உன் வீட்டுக்காரர் நினைப்பார். அவரை நான் மன்னிக்கவில்லை அக்கா, இன்னும் இல்லை. கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் போட்டுவிடப் போகிறேன்.